சுயம்புலிங்கம் என்று சொல்லிவிட்டேன்

என் கணவரின் பெயர் சுயம்புலிங்கம். இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு முப்பத்தொன்பது வருஷம் பிடித்தது. எங்கள் திசையன்விளைப் பக்கத்தில் கட்டியவன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவேன். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது அப்பா பெயர் என்ன என்று கேட்டார்கள். நான் பிள்ளையின் முதுகில் தட்டினேன், அவன் சொன்னான். உவரிக் கோயில் சாமிக்கும் அதே பெயர் என்பதால் அங்கே போனால் வெறும் 'சாமி' என்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

என் பெயர் இசக்கியம்மாள். இதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் வீட்டில் யாரும் சொல்வதில்லை. அவருக்கு நான் 'ஏட்டி', அவ்வளவுதான்.

அவர் பதினைந்து வயதில் மெட்ராஸுக்கு ரயில் ஏறியவர். தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் இருபது வருஷம் துணி மடித்தார். பிறகு ரெங்கநாதன் தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் எட்டடிக்குப் பத்தடியில் சொந்தக் கடை போட்டார். ரவிக்கைத் துணி, லைனிங், சேலைக்கு ஃபால்ஸ், அவ்வளவுதான் சரக்கு. காலை ஒன்பதரைக்குக் கடை வாசலில் நின்றால் இரவு கடை சாத்தும் வரை நிற்பார். ஸ்டூல் போட்டுக்கொடுத்தால் அதில் பார்சலை வைப்பார்.

சேலையோடு வருகிற பெண்களைக் கடைக்குள் வைத்து நிறம் பார்க்க விடமாட்டார். சேலையையும் துணியையும் தூக்கிக்கொண்டு சந்து முனைக்கு, வெயில் விழுகிற இடத்துக்கு நடந்துவிடுவார். அந்தப் பெண்ணும் பின்னாலேயே ஓட வேண்டும். "டியூப்லைட்டு எல்லாத்தையும் நல்லாத்தான் காட்டும் தாயி. வெயில்ல பாருங்க" என்பார். மொத்த வியாபாரி புதுச் சரக்கு கொண்டுவந்தாலும் இதே கூத்துதான். வெளியே கொண்டுவந்து காட்டத் தயங்குகிறவனிடம் ஒரு முழம்கூட வாங்க மாட்டார். இதனால் இரண்டு பேரிடம் சண்டையும் போட்டிருக்கிறார். இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆடி மாதம். தள்ளுபடிக் கூட்டம் சந்துவரை நெரிந்துகொண்டிருந்தது. கூட்டம் அதிகமான நாட்களில் நானும் கடைக்குப் போவேன். எங்கள் கடையில் கழிப்பறை கிடையாது, கட்டடத்தின் இரண்டாம் மாடியில் பொதுவாக ஒன்று உண்டு. அன்றைக்கு மத்தியானத்துக்குள் அவர் எட்டு முறை மாடி ஏறினார். ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

"என்னங்க, நீர் கடுப்பா?" என்றேன்.

"வெயில் சூடுட்டி. ரெண்டு எளநி குடிச்சாச் சரியாப் போவும்" என்றார்.

இளநீரில் சரியாகவில்லை. ஐதராபாத்தில் வேலை பார்க்கிற எங்கள் மகன் ஸ்ரீஹரி போனில் கத்தின கத்தலில் ரத்தம் கொடுக்கப் போனார். ஆண்களுக்கு மூத்திரப் பைக்குக் கீழே புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதில் கோளாறு இருந்தால் பி.எஸ்.ஏ. என்று ரத்தத்தில் ஓர் எண் ஏறுமாம். நாலுக்குள் இருக்க வேண்டியது அவருக்கு இருபத்தேழு இருந்தது. பிறகு ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான், அதிலும் வேகமாக வளர்கிற ஜாதி என்றார்கள்.

அடையாறு பக்கம் ஒரு மருத்துவமனையில் டாக்டர் ரூபீனா என்று ஒரு பெண். நாற்பது வயசு இருக்கும். பூசி மெழுகத் தெரியாத ஆள், எனக்கு முதல் நாளே பிடித்துப்போயிற்று.

"இப்ப வரைக்கும் நோய் சுரப்பிக்குள்ளதான் இருக்கு. ரெண்டு வழி இருக்குங்க" என்றார். "ஒண்ணு ஆபரேஷன் பண்ணி எடுக்கிறது. சில மாசம் சிறுநீர் கசியலாம், கொஞ்சம் பேருக்கு அது நிக்காமலே போகலாம். இன்னொண்ணு கதிர்வீச்சு. அதோட மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஹார்மோன் ஊசி. கசிவு குறைவு. ஆனா உடம்புல திடீர் திடீர்னு சூடு கிளம்பும், எலும்பு கொஞ்சம் பலவீனமாகும், ஆசை குறையும். ரெண்டுமே நல்ல வைத்தியம்தான். யோசிச்சு நீங்க சொல்லுங்க. ஆனா மாசக்கணக்கா யோசிக்க வேண்டாம். சுரப்பியைத் தாண்டிடுச்சுன்னா அது வேற கதை."

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கடையில நிக்க முடியுமா?"

"முதல் கொஞ்ச நாள் கஷ்டம். அப்புறம் முடியும்" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் எங்கள் ஆள் வாயைத் திறந்தார். "ஆபரேசன்னா எனக்குக் குழந்தைக்குக் கட்டுத மாதிரி கட்டி விட்டுருவாவ. அதக் கட்டிக்கிட்டு வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு கூப்பிடணுமோ? ஊசின்னா என்னையப் பொம்பளையா ஆக்கப் பாக்காவ. தீபாவளி முடியட்டும். பெறவு பாப்போம்."

நோய்க்கும் சீசன் பார்க்கிற ஊர் தி.நகர்தான். ஆடித் தள்ளுபடி முடியட்டும், தீபாவளி முடியட்டும், பொங்கல் முடியட்டும் என்றே எங்கள் சந்தில் குடலிறக்கத்தையும் கண் புரையையும் வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டவர்கள் உண்டு. அவர்களுக்குத் தள்ளிப்போட முடிந்தது. இவருடைய நோய் காலண்டர் பார்க்கிற நோய் இல்லை என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியும் இவர் காதில் ஏறவில்லை.

அந்த நேரம் பார்த்து நூர் முஹம்மது பாய் வந்தார். எங்களுக்குப் பக்கத்துக் கடை, பட்டன், ஹூக், நூல்கண்டு வியாபாரம். முப்பது வருஷச் சிநேகம். ரம்ஜான் நோன்பில் அவர் வீட்டுக் கஞ்சி முதலில் எங்கள் கடைக்குத்தான் வரும். தங்கமான மனுஷர், அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

"இன்னா அண்ணாச்சி, இதுக்கா மூஞ்சிய தொங்கப் போட்டுகினு கீற?" என்றார். "எனக்கும் இதே சீக்குதான். ரெண்டு வருசமாச்சு. வெளிய சொல்லல. ஆபரேசன் இல்ல, கரண்ட் வைக்கல, ஊசி இல்ல. அசோகன் ஐயாகிட்ட சூரணம் வாங்கித் துன்னுகினு கீறேன். கல்லு மாதிரி கீறேன் பாரு."

அவர் மார்பில் தட்டிக் காட்டினார். எங்கள் ஆள் முகத்தில் ஒரு மாதத்துக்குப் பிறகு வெளிச்சம் வந்தது.

அசோகன் ஐயா மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைதாப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் நடத்துகிறவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார், சூரணம் கொடுத்தார். புளி கூடாது, பால் கூடாது, உப்பு பாதி. அதெல்லாம் போகட்டும். கடைசியாக ஒன்று சொன்னார்: "ஆறு மாசத்துக்கு ரத்தம் கித்தம் எடுக்கக் கூடாது. எண்ணைப் பார்த்தா மனசு கெடும், மனசு கெட்டா மருந்து கேக்காது."

சித்த வைத்தியத்தை நான் பழித்துப் பேசவில்லை. நானே என் மூட்டுவலிக்கு அரசு சித்த மருத்துவமனைத் தைலம்தான் தேய்க்கிறேன். அங்கே இருக்கிற டாக்டரம்மாவிடமே போய்க் கேட்டேன். "பசிக்கு, மலச்சிக்கலுக்கு, தூக்கத்துக்கு நாங்க மருந்து தர்றோம். ஆனா கேன்சருக்கு அந்த வைத்தியத்தை விட்டுட்டு வாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். டெஸ்ட் எடுக்காதீங்கன்னு ஒருத்தர் சொன்னார்னா அவர் எங்க ஆளே இல்லம்மா" என்றார். இதை வீட்டில் வந்து சொன்னேன். "அவளுக்கு என்ன தெரியும், சம்பளத்துக்கு உக்காந்திருக்கவ" என்றார் எங்கள் ஆள். மாதம் தவறாமல் மக்களிடம் பொய் சொல்கிறவரை விட்டுவிட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டு உண்மை சொல்கிறவளைத் திட்டினார்.

ஆவணி போயிற்று. புரட்டாசி போயிற்று. தீபாவளி வியாபாரம் முடிந்தது. வேளை தவறாமல் சூரணத்தைத் தேனில் குழைத்துச் சாப்பிட்டார். மாடிக்குப் போவது எட்டு, பத்தாயிற்று. பருத்த உடம்பு இளைத்து, சட்டை தொளதொளவென்று தொங்கியது. கேட்டால் "கழிவு போவுது" என்பார். அந்த மண்டபத்தில் கற்றுக்கொண்ட வார்த்தை.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை. மொத்த வியாபாரி ஒருவன் மெரூன் லைனிங் கொண்டுவந்து விரித்தான். எங்கள் ஆள் வழக்கம்போல "வெளிய கொண்டாரும்" என்றார். அவன், "எல்லாம் அதே மில் சரக்குதான் அண்ணாச்சி, வெயில்ல எதுக்கு?" என்று இழுத்தான். "வெயிலுக்கு வராத துணி என் கடைக்கு வேண்டாம்வே" என்று சுருட்டி அவன் கையில் கொடுத்து அனுப்பினார்.

எனக்கு அப்போது மூக்குக்கு மேல் வந்துவிட்டது. அஞ்சு மாதம் அடக்கி வைத்திருந்தது. கடைக்குள் யாரும் இல்லை.

"ஒரு மீட்டர் லைனிங்கை வெயில்ல காட்டாம வாங்க மாட்டிய. உங்க உசுர வாங்கிட்டுப் போறவன் டெஸ்ட் எடுக்காதங்கான், சரி சாமின்னு தலைய ஆட்டுதிய. அந்தத் துணிய மட்டும் ஏன் வெளிய கொண்டாரச் சொல்ல மாட்டேங்கிய?"

"ஏட்டி, கடையில வச்சுச் சத்தம் போடாத."

"சத்தம் போடல. கேக்கேன். பதில் சொல்லுங்க."

அவர் மீட்டர் ஸ்கேலை எடுத்து மேஜையில் வைத்தார், திரும்ப எடுத்தார், திரும்ப வைத்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு உஸ்மான் ரோட்டுப் பக்கம் நடந்தார். கை மடிப்பில் பஞ்சு ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தார். அவரிடம் இருப்பது பட்டன் போன். அதனால் ரிசல்ட் வர என் நம்பரைக் கொடுத்திருந்தார். "நாளைக்கு மத்தியானம் வரும். ஐயாகிட்டக் காட்டிட்டுத்தான் மத்தது" என்றார். பயந்திருக்கிறார் என்று தெரிந்தது. எனக்கும் பயம்தான். சொல்லிக்கொள்ளவில்லை.

மறுநாள் மண்டபக் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருநூறு பேர் இருக்கும். குணமானவர்கள் மேடை ஏறி மைக்கில் பேச வேண்டும், ஒரு பையன் செல்போனில் படம் பிடிப்பான். நூர் முஹம்மது பாய் ஏறி, ரெண்டு வருஷமாகக் கல் மாதிரி இருப்பதைச் சொல்லி இறங்கினார். கைதட்டிக்கொண்டிருக்கும்போது என் போன் சிணுங்கியது.

நாற்பத்தொன்று.

அவரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார், இறக்கிவிட்டுப் பார்த்தார். அதற்குள் மேடையிலிருந்து கூப்பிட்டார்கள்: "அடுத்து, பாய் கூட்டிட்டு வந்த தி.நகர் அண்ணாச்சி. ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

போய் நின்றார். கையில் மைக்கைக் கொடுத்தார்கள். நான் மனசுக்குள், சொல்லுங்க, எண்ணைச் சொல்லுங்க என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். கடை வாசலில் ஐம்பது வருஷம் நின்ற வாய் அது. ஆள் கூட்டத்தைப் பார்த்தால் அந்த வாய்க்கு ஒன்றுதான் சொல்ல வரும்.

"நல்லா இருக்கேன்" என்றார்.

கைதட்டினார்கள். அசோகன் ஐயா என்னைப் பார்த்துச் சிரித்து, "வீட்டம்மாவும் வாங்க. உங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லி, எப்படி இருந்தார், இப்ப எப்படி இருக்கார்னு சொல்லுங்க" என்றார்.

ஏறினேன். மைக்கை எங்கள் ஆள் கையிலிருந்து வாங்கினேன். பெயருக்கு நான் தயங்குவேன், தானே எடுத்துக்கொடுக்க வேண்டும் என்று அவர் வாயைத் திறந்தார். முப்பத்தொன்பது வருஷப் பழக்கம்.

"எங்க வீட்டுக்காரர் பேரு சுயம்புலிங்கம்" என்றேன்.

அவர் தலை விசுக்கென்று திரும்பியது. நான் நிறுத்தவில்லை. "ஆடி மாசம் அவருக்கு பி.எஸ்.ஏ. இருபத்தேழு. அஞ்சு மாசமா இந்தச் சூரணத்தை ஒரு வேளை தப்பாமச் சாப்பிட்டாரு. இன்னைக்கு நாப்பத்தொண்ணு. போன்ல இருக்கு, யாரு வேணும்னாலும் வந்து பாக்கலாம்."

ஐயா சிரிப்பை விடவில்லை. "ஏறுறது நல்ல அறிகுறிம்மா. உள்ள இருக்கிற நஞ்சு ரத்தத்துல கலந்து வெளியேறுது."

"எறங்கினா?"

"எறங்கினா நோய் குணமாகுதுன்னு அர்த்தம்."

"ஏறினாலும் உங்க மருந்து வேலை செய்யுது, எறங்கினாலும் வேலை செய்யுது. அப்ப வேலை செய்யலைன்னு நாங்க எப்பிடிய்யா தெரிஞ்சுக்கிடணும்? சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மைக் செத்துப்போனது. செத்தால் என்ன, நான் உவரித் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைக் கூப்பிட்டுக் கண்டுபிடித்தவள். "டெஸ்ட் எடுக்காதன்னு சொல்றவங்ககிட்ட மருந்து வாங்காதீங்க" என்று கடைசி நாற்காலி வரை கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். நூர் முஹம்மது பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சைதாப்பேட்டையிலிருந்து மாம்பலம் ஒரே ஸ்டேஷன். ரயிலில் அவர் எனக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றார். வீடு மேற்கு மாம்பலத்தில். நடைமேம்பாலத்தின் நடுவில் நின்றுவிட்டார்.

"பேரச் சொல்லிட்டியேட்டி" என்றார்.

"சொல்லிட்டேன்."

"ஆயுசு குறையும்னு தெரியும்லா?"

"பொடியால குறையறதுக்குப் பேரால குறைஞ்சிட்டுப் போவட்டும். நல்லா இருக்கேன்னு பொய் சொன்னியளே, அதுல மட்டும் கூடிருமோ?"

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வந்த அழுகை. கீழே ஒரு ரயில் போய் முடிகிற வரை அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "டாக்டரம்மா நாளைக்கு எத்தனை மணிக்கு வருவாவ?" என்று கேட்டார்.

டாக்டர் ரூபீனா எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்கேன் எடுத்தார்கள். ஆடியில் சுரப்பிக்குள் அடங்கியிருந்தது, இப்போது இடுப்புக்குள் ஒரு நெறிகட்டிக்குப் போயிருந்தது. "அஞ்சு மாசத்துக்கு முன்னாடின்னா ஆபரேஷனா கதிர்வீச்சான்னு நீங்க தேர்ந்தெடுத்திருக்கலாம்" என்றார். "இப்ப கதிர்வீச்சு, ஊசி, கூட மாத்திரையும். இன்னும் கைமீறிப் போகலை. ஆனா விட்டுப்போன நாளைத் திருப்பித் தர என்கிட்ட மருந்து இல்ல." எங்கள் ஆள் குனிந்துகொண்டு தலையாட்டினார்.

பாயைப் பற்றியும் கேட்டேன். அவருடைய பழைய ரிப்போர்ட்டை நச்சரித்து வாங்கிக்கொண்டு போயிருந்தேன். டாக்டர் படித்துவிட்டு, "இவருக்கு இருக்கிறது ரொம்ப மெதுவா வளர்ற வகை. வைத்தியமே வேண்டாம், அப்பப்ப டெஸ்ட் எடுத்துக் கண்காணிச்சாப் போதும்னு அவங்க டாக்டரே எழுதியிருக்காரே" என்றார். அதாவது பாய் ஒன்றுமே சாப்பிடாமல் இருந்திருந்தாலும் கல் மாதிரிதான் இருந்திருப்பார். மருந்தே தேவைப்படாத ஆளுக்குக் கேட்ட மருந்தை நம்பி எங்கள் ஆள் அஞ்சு மாதத்தைத் தொலைத்தார். பாயிடம் போய்ச் சொன்னேன். முதலில் முறுக்கிக்கொண்டார். பிறகு, "நான் டெஸ்ட் எடுத்தே ஒண்ணர வருசம் ஆவுதே, அண்ணி" என்று மெல்லச் சொன்னார். அடுத்த நாளே போய் எடுத்தார், அவருக்கு எண் ஏறவில்லை. அன்றிலிருந்து நாங்கள் மருத்துவமனைக்குப் போகிற நேரமெல்லாம் எங்கள் கடையையும் சேர்த்து அவர்தான் பார்த்துக்கொள்கிறார். ஃபால்ஸ் கேட்டு வருகிறவர்களுக்கு ஹூக்கும் விற்றுவிடுகிறார்.

ஊசி போட்டு மூன்றாவது வாரம். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று சட்டையைக் கழற்றி எறிந்தார். கழுத்திலிருந்து தலைக்கு வியர்வை ஊற்றியது. ஃபேனுக்கு அடியில் போய் நின்றார். நான் ஈரத் துண்டைப் பிழிந்து கொடுத்துவிட்டுச் சிரித்தேன். சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

"என்னட்டி சிரிப்பு?"

"எனக்கு மாசம் நின்னப்ப வந்துச்சே, அதுதான் இது. வாங்க, வாங்க."

அவர் துண்டைப் பிடரியில் வைத்துக்கொண்டார். "உனக்கு எத்தன வருசம் இருந்துச்சு?"

"ஆறு."

"அடுப்படியிலயா?"

"பெறவு? உங்க கடை வாசல்லயா?"

"நான் என்ன சொன்னேன் அப்ப?"

"ஃபேனப் போட்டுக்கோன்னிய."

அன்றைக்குத் தட்டை அவரே கழுவி வைத்தார். மறுநாளிலிருந்து கழுத்தில் ஈரத் துண்டோடு கடை வாசலில் நின்றார். வாடிக்கைப் பெண்கள் என்ன அண்ணாச்சி இது என்று கேட்டால், "கேன்சர் தாயி. ஊசி போட்டிருக்கு. அம்பது வயசுல உங்களுக்கெல்லாம் வருமே, அந்தச் சூடு" என்று நேராகச் சொன்னார். முதல் தடவை கேட்டபோது நானே விக்கித்துப்போனேன். பொம்பளையாக ஆக்கப் பார்க்கிறார்கள் என்று கத்தினவர் இவர்தானா என்று இருந்தது.

பங்குனியில் கதிர்வீச்சு ஆரம்பித்தது. வாரத்தில் ஐந்து நாள். ஒவ்வொரு நாளும் அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் குடித்து, மூத்திரத்தை அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும், பை நிறைந்திருந்தால்தான் கதிர் வைப்பார்கள். பத்து முறை மாடி ஏறுகிற மனுஷருக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று பாருங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மலச்சிக்கலுக்கும் தூக்கத்துக்கும் அரசு சித்த மருத்துவமனை டாக்டரம்மா எழுதிக்கொடுத்ததை டாக்டர் ரூபீனாவிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகே சாப்பிட்டார். இரண்டு பேரும் அதற்குத்தான் இருக்கிறார்கள்.

அப்போதுதான் ஸ்ரீஹரி எனக்கு ஒரு வீடியோ அனுப்பினான். 'அம்மா, இது எல்லா குரூப்லயும் சுத்துது' என்று எழுதியிருந்தான். மண்டபத்து மேடை. எங்கள் ஆள் மைக்கோடு நிற்கிறார். "நல்லா இருக்கேன்" என்கிறார். அவ்வளவுதான், பத்து விநாடி. நான் பேசினதெல்லாம் வெட்டி எறியப்பட்டிருந்தது. மேலே கொட்டை எழுத்தில், 'புற்றுநோயை வென்ற தி.நகர் வியாபாரி' என்று போட்டிருந்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. அவரிடம் காட்டினேன். "தொலையுது, விடு" என்றார். விட்டிருப்பார். அந்தப் பெண் வராமல் இருந்திருந்தால்.

கோடம்பாக்கத்திலிருந்து வந்திருந்தாள். ஃபிர்தௌஸ் என்று பெயர் சொன்னாள். முப்பது வயசுக்குள் இருக்கும். கையில் சேலை இல்லை, போன்தான் இருந்தது.

"அண்ணாச்சி, இந்த வீடியோவுல கீறது நீங்கதானே? எங்க அத்தாவுக்கும் இதே வியாதி. திங்கக்கெழம அட்மிட் ஆவச் சொல்லிக்கீறாங்க. இத்தப் பாத்துட்டு ஆபரேசனே வேணான்றாரு. அந்த மருந்து எங்க கெடைக்கும் அண்ணாச்சி? மூணு நாளா உங்க கடையத் தேடிகினு கீறேன்."

மண்டபத்தில் நாற்பத்தொன்று என்று தெரிந்தபோதுகூட அவர் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. அன்று மூன்று மணிக்குப் போக வேண்டும் என்று கட்டி வைத்திருந்த மருத்துவமனை ஃபைலை எடுத்தார்.

"வெளிய வாங்க தாயி" என்றார்.

சந்து முனைக்கு நடந்தார். அந்தப் பெண் பின்னால் ஓடினாள், அவள் பின்னால் நான். வெயில் விழுகிற இடத்தில் ஃபைலைப் பிரித்து ஒவ்வொரு தாளாக அவள் கையில் கொடுத்தார். இது ஆடி. இது மார்கழி. இது ஸ்கேன், நெறிகட்டிக்குப் போனது. இது ஊசி, இது கதிர்வீச்சு அட்டை. அவள் படித்துக்கொண்டே வந்து மார்கழித் தாளில் நின்றுவிட்டாள்.

"அப்ப ஏன் நல்லா கீறேன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"பொய் சொன்னேன்" என்றார் அவர்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "போன எடுட்டி. என்னையப் படம் பிடி. இங்கயே, வெயில்லயே."

எடுத்தேன். ஒரு கையில் ஃபைல், கழுத்தில் ஈரத் துண்டு. "நீ ஆரம்பி. பேரச் சொல்லி ஆரம்பி" என்றார்.

"நானா?"

"அன்னைக்கு நீ சொன்னதைத்தான வெட்டுனாங்க? அங்க இருந்தே ஆரம்பி."

சந்து முழுக்கக் கூட்டம், பாய் கடையிலிருந்து எட்டிப் பார்க்கிறார். நான் சொன்னேன். "எங்க வீட்டுக்காரர் பேரு சுயம்புலிங்கம்." அதற்குப் பிறகு அவர் பேசினார். "மேடையில நல்லா இருக்கேன்னு நான் சொன்னது பொய். அன்னைக்கு எனக்கு நாப்பத்தொண்ணு. அஞ்சு மாசம் பொடியச் சாப்பிட்டு நோய வளத்துட்டேன். இப்ப ரெண்டுக்கு எறங்கியிருக்கு. அது ஊசியால. இன்னும் ரெண்டு வருசம் போடணும், அதுக்கு மேல என்னன்னு டாக்டரம்மாவே சொல்ல மாட்டேங்காவ. சந்தேகம் இருக்கவங்க என் கடைக்கு வாங்க. எல்லாத் தாளும் வெயில்ல காட்டுதேன்."

ஃபிர்தௌஸ் அதை என்னிடம் வாங்கி, அவள் அப்பாவுக்கு அங்கேயே நின்று அனுப்பினாள். நான் ஸ்ரீஹரிக்கு அனுப்பி, அந்தப் பொய் வீடியோ சுற்றின அத்தனை குரூப்பிலும் போடச் சொன்னேன். திங்கட்கிழமை மத்தியானம் அவள் என் நம்பருக்குக் கூப்பிட்டாள், போனை அவரிடம் கொடுத்தேன். அத்தா அட்மிட் ஆகிவிட்டார் என்று சொல்லிவிட்டு அழுதாள். அவள் பேசி முடித்த பிறகும் என் போனை அணைக்கத் தெரியாமல் அவர் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

இது நடந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. கதிர்வீச்சு முடிந்து, ஊசி இன்னும் நடக்கிறது. குணமாகிவிட்டதா என்று கேட்கிறார்கள். தெரியாது. கடை வாசலில் நிற்கிறார், சந்து முனைக்கு நடக்கிறார், சூடு வந்தால் துண்டை நனைக்கிறார். இன்றைக்கும் யாராவது ஒருத்தர் ஃபைலோடு வருகிறார், இரண்டு பேரும் வெயிலில் நின்று படிக்கிறார்கள்.

பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்றார்கள். குறையட்டும், பார்த்துவிடலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மருத்துவமனை வராந்தாவில் நர்ஸ் வந்து, "பேஷன்ட் கூட வந்தது யாரு? பேஷன்ட் பேர் என்ன?" என்று கேட்கிறாள். முன்பென்றால் ஃபைலை நீட்டியிருப்பேன். இப்போது ஃபைலை மடியிலேயே வைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறேன்.

"சுயம்புலிங்கம்" என்கிறேன். "நான் அவர் பெண்டாட்டி."